மூக்கு, சைனஸ் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஐஸ் ஒத்தடம்: எந்த வீக்கத்துக்கு உதவும், எதற்கு உதவாது?

கேட்டவர் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நான்கு நாள்களுக்கு முன் அவருடைய கணவருக்கு எண்டோஸ்கோப் வழியாகச் சைனஸ் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. அதே நேரத்தில் மூக்குத் தண்டின், அதாவது இரு துளைகளையும் பிரிக்கும் நடுச்சுவரின், வளைவையும் நேராக்கி, உள்ளே இருந்த சதை வளர்ச்சியையும் எடுத்திருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டு நாள் ஐஸ் பேக் வைக்கும்படி எழுதியிருந்தும், “தலையில் நீர் கோத்துக்கொள்ளும்” என்று மாமியார் தடுத்ததால் ஒரு முறைகூட வைக்கவில்லை. விபத்தில் மூக்கெலும்பு உடைந்து, பிறகு மூக்கின் வடிவத்தைச் சரிசெய்துகொண்ட கொழுந்தனாரோ, தான் ஐஸ் வைத்ததால்தான் முகவீக்கம் சீக்கிரம் வடிந்தது என்கிறார். இப்போது கணவருக்கு இரண்டு பக்கமும் மூக்கு அடைத்திருக்கிறது. ஐஸ் வைக்காததால்தான் உள்ளே வீங்கிவிட்டதா, இனி வைத்தால் பயன் உண்டா என்பதே கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. பெரியவர் சொல்லைத் தட்ட முடியாமல் மருத்துவர் சொன்னதை விட்டுவிட்டோமே, அதனால் அவர் குணமாவது கெட்டுப்போய்விட்டதோ என்ற கலக்கம் அது. அதற்கு உடனே பதில் சொல்லலாம்: கெட்டுப்போகவில்லை. இந்த வகை அறுவை சிகிச்சையில் ஐஸ் வைக்காமல் விட்டதால் உள்ளே ஆறுவது தடைப்படுவதில்லை. ஏன் என்பதை, காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவராக இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த வேலையைச் செய்துவரும் அனுபவத்தில் விளக்குகிறேன்.

உங்கள் கணவருக்கும் கொழுந்தனாருக்கும் நடந்தவை மூக்கில் செய்யப்பட்டவை என்ற அளவில்தான் ஒன்று. மூக்கின் வடிவத்தை மாற்றும்போது தோலை எலும்பிலிருந்து பிரித்துத் தூக்குகிறோம். பலருக்கு மூக்கெலும்பை இரு பக்கமும் சிறு உளியால் வெட்டி நகர்த்தவும் வேண்டியிருக்கிறது. அங்கே கசியும் இரத்தமும் நீரும், உடலிலேயே மிகத் தளர்ந்த தோலான கண்ணிமைக்குள் எளிதாக இறங்கிவிடும். அதனால்தான் மறுநாள் காலையில் கண்ணைத் திறக்க முடியாதபடி இமைகள் வீங்கி, கண்ணைச் சுற்றிக் கருநீலமாகக் கன்றிப்போகிறது. இந்த வீக்கம் இரண்டாம் நாள் அல்லது மூன்றாம் நாள் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்கும். நிறம் மறைய ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். எண்டோஸ்கோப் வழியான சைனஸ் அறுவையில் வெளியே ஒரு கீறல்கூடக் கிடையாது. மூக்குத் துளை வழியாகவே உள்ளே சென்று, சைனஸ்களின் வாசல்களை அகலப்படுத்திவிட்டு அதே வழியாக வெளியே வருகிறோம். புண் முழுவதும் உள்ளேதான். கண்களுக்கு இடையில் இருக்கும் தேன்கூடு போன்ற சைனஸ் அறைகளும், அவற்றுக்குப் பின்னால் மண்டையின் நடுவில் இருக்கும் சைனஸும் தோலிலிருந்து வெகு தூரத்தில் இருக்கின்றன. அந்தக் கடைசிச் சைனஸின் வாசல் மூக்குத் துளையிலிருந்து ஏறக்குறைய 7 செ.மீ. உள்ளே இருக்கிறது.

குளிர் என்ன செய்கிறது என்பதில் பெரிய மர்மம் இல்லை. குளிர் பட்ட இடத்தில் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, திசுக்களின் வேலை வேகம் குறைகிறது, வலியைக் கடத்தும் நரம்புகள் மந்தமாகின்றன. முதல் இரண்டும் புதிய கசிவைக் குறைக்கும், மூன்றாவது வலியைத் தணிக்கும். ஆனால் இவை அனைத்தும் குளிர் சென்று சேரும் ஆழம் வரைக்கும்தான். பதினைந்து நிமிடம் ஐஸ் வைத்தால் தோலின் வெப்பம் நன்றாகவே இறங்கும். அதற்குக் கீழே ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் அந்த இறக்கம் வேகமாகக் குறைந்துகொண்டே போகும். அதோடு, மூக்கின் உட்சவ்வு என்பது உள்ளே இழுக்கும் காற்றைச் சூடாக்குவதற்கென்றே அமைந்த உறுப்பு. இரத்த ஓட்டம் அவ்வளவு அடர்த்தியாக ஓடும் இடத்தை, வெளியே மூக்கின் மேல் வைக்கும் ஒரு பொட்டலத்தால் குளிர்விப்பது கடினம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குளிரை நீண்ட நேரம் வைத்தால் சுருங்கிய குழாய்கள் தாமாகவே மீண்டும் விரிகின்றன என்பதைத் தாமஸ் லூயிஸ் 1930இல், விரலைப் பனிநீரில் அமிழ்த்திவைத்து அளந்து காட்டினார். மூன்று நாள் இடைவிடாமல் ஐஸ் வைப்பது, பத்து பத்து நிமிடமாக வைப்பதைவிடக் கூடுதல் பலன் தரும் என்று எண்ணுவதற்கு இடமில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் டிஸ்சார்ஜ் சீட்டில் ஏன் எழுதினார்கள் என்று கேட்பீர்கள். இது என் கணிப்பு, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: அந்த வரி பழைய அறுவை முறையின் எச்சம். எண்டோஸ்கோப் வருவதற்கு முன், கன்னத்துச் சைனஸைத் திறக்க மேலுதட்டைத் தூக்கி ஈறுக்கு மேல் வெட்டி, கன்னத்து எலும்பில் ஜன்னல் போல் துளையிட்டு உள்ளே போவார்கள். கால்டுவெல் என்ற அமெரிக்கரும் லூக் என்ற பிரெஞ்சுக்காரரும் 1890களில் தனித்தனியாக விவரித்த அந்த முறை ஏறத்தாழ நூறு ஆண்டு வழக்கத்தில் இருந்தது. அதில் கன்னம் பந்து போல் வீங்கும். ஐஸ் வைத்தால் நோயாளிக்குக் கண்ணெதிரே நிம்மதி கிடைக்கும். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மெஸ்ஸர்கிளிங்கர் வளர்த்தெடுத்த எண்டோஸ்கோப் முறை 1980களில் உலகெங்கும் பரவியபோது அறுவை மாறியது, அச்சடித்த அறிவுரை மாறவில்லை. பொதுவாக அடிபட்ட எதற்கும் ஐஸ் என்ற பழக்கமும் இதற்குத் துணைபோயிருக்கும். ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டுதல், தூக்கிவைத்தல் என்ற சூத்திரத்தை 1978இல் பிரபலமாக்கிய விளையாட்டு மருத்துவர் கேப் மிர்கின், 2014இல் தன் கருத்தை மாற்றிக்கொண்டு, ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார். அவர் பேசியது கணுக்கால் சுளுக்கையும் தசைக் காயத்தையும் பற்றி. அதை அப்படியே மூக்குக்குக் கொண்டுவந்து, “ஐஸ் கெடுதல்” என்று முடிவுகட்டுவதும் சரியாகாது.

உறுதியாகச் சொல்லக்கூடியதையும் சந்தேகமாகவே நிற்பதையும் இங்கே பிரித்துக்கொள்வோம். எலும்பை வெட்டிய மூக்கு அறுவைக்குப் பின் முதல் ஒன்றிரண்டு நாள் குளிர் ஒத்தடம் வலியையும் கனத்தையும் குறைத்து இதமளிக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வார்டில் அன்றாடம் பார்க்கிறோம். அது இமை வீக்கத்தையும் கன்றலையும் எவ்வளவு குறைக்கிறது என்று கேட்டால், ஆய்வுகள் சிறியவை, முடிவுகள் ஒரே திசையில் இல்லை. முதல் நாள் வித்தியாசம் தெரிந்து, ஒரு வாரம் கழித்துப் பார்க்கையில் ஐஸ் வைத்தவர்களும் வைக்காதவர்களும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருப்பதே என் அனுபவம். தலையை உயர்த்திப் படுப்பதும், அறுவையின்போது கொடுக்கும் ஸ்டீராய்டு ஊசியும் அந்த வீக்கத்தில் செய்யும் வேலை ஐஸைவிடப் பெரியது என்று கருதுகிறேன். எண்டோஸ்கோப் சைனஸ் அறுவைக்குப் பின் ஐஸ் வைப்பதால் உட்சவ்வின் வீக்கம் குறைகிறது என்று சொல்லுமளவுக்கு ஆதாரம் இல்லை. உடற்கூறைப் பார்த்தால் எதிர்பார்க்கவும் காரணமில்லை. நெற்றியும் மூக்கும் விண்விண் என்று தெறிக்கும்போது ஐஸ் இதமளிக்கும், அவ்வளவுதான். இதமும் ஒரு பயன்தான். ஆனால் அதை விட்டால் நஷ்டம் என்று வருந்த வேண்டியதில்லை.

உங்கள் கணவரின் அடைப்புக்கு வருவோம். ஏழாம் நாள் சுத்தம் செய்ய வரும் நோயாளியின் மூக்கில் எண்டோஸ்கோப்பை விட்டால் நான் காண்பது பெரும்பாலும் இதுதான்: வாசலிலேயே கருஞ்சிவப்பாகக் காய்ந்த பொருக்கு, அதன் பின்னால் பசைபோல் இழுபடும் சளியும் பழைய இரத்தமும், இரு பக்கமும் சிவந்து உப்பிய சவ்வு, தண்டு அறுவை செய்திருந்தால் நடுச்சுவரின் இரு புறமும் தாங்கலாக வைத்த மெல்லிய பிளாஸ்டிக் தகடு. இவ்வளவும் இருக்கும் இடத்தில் காற்றுக்கு வழி எங்கே? நான்காம் நாள் மூக்கு முழுதாக அடைத்திருப்பது பெரும்பாலும் எதிர்பார்த்ததுதான். பொருக்கை உறிஞ்சி எடுத்து, தகடுகளையும் உருவிய அந்த நிமிடத்திலேயே பலர் நீண்ட மூச்சை இழுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். உட்சவ்வு முழுதாக ஆறி, சளியைத் தள்ளும் நுண்மயிர்கள் மீண்டும் ஒழுங்காக இயங்க ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம்.

இந்த உள்வீக்கத்துக்கு உதவுவது உப்புநீரால் கழுவுவதும், மருத்துவர் எழுதிய ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் மாத்திரைகளும், தலையை உயர்த்திப் படுப்பதும், பிறகு காலமும். இரண்டு மூன்று தலையணையை அடுக்கி, இடுப்பிலிருந்தே சாய்வாகப் படுக்கச் செய்யுங்கள். கழுத்தை மட்டும் மடக்கி வைத்தால் கழுத்து வலிதான் மிஞ்சும். உப்புநீரை எப்போது தொடங்குவது என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பலர் முதல் இரண்டு நாளுக்குள்ளேயே தொடங்கச் சொல்கிறோம். கடையில் விற்கும் பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு 9 கிராம், அதாவது ஏறத்தாழ ஒன்றரைத் தேக்கரண்டி, அயோடின் சேர்க்காத உப்பு. தண்ணீர் கொதித்து ஆறியதாகவே இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ நேராக மூக்கில் விடக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது, கேரளத்தில் 2024இலும் 2025இலும் வந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். தண்ணீர் கைக்கு இளஞ்சூடாக இருக்கட்டும். குளிர்ந்த நீரை உள்ளே விட்டால் வீக்கம் இன்னும் குறையும் என்று சிலர் தாங்களாகவே ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து ஊற்றுகிறார்கள். குளிர் பட்டால் மூக்குச் சவ்வு நீரைச் சுரக்கும், சிலருக்கு நெற்றியில் கத்தி குத்தியது போல் வலிக்கும். அறுவை அரங்கில் நாங்கள் செய்வதோ இதற்கு நேர்மாறு. சவ்விலிருந்து இரத்தம் கசிந்து பார்வையை மறைக்கும்போது 40 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கிய உப்புநீரால் கழுவினால் களம் தெளிவாகிறது. 49 பாகை வரை பயன்படுத்தி ஆராய்ந்திருக்கிறார்கள். இரத்தம் உறைவதற்கான வேதிவினைகள் குளிரில் மந்தமாகும், சூட்டில் விரைவாகும் என்பது அதற்கு ஒரு விளக்கம். மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்கு அளந்து செய்யும் வேலை அது. வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

உங்கள் மாமியார் சொன்னதை நான் புறந்தள்ள மாட்டேன். குளிர்காற்று பட்டால் மூக்கில் நீர் வடிவது உண்மை. அது நரம்பின் அனிச்சைச் செயல். அதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த அனுபவத்திலிருந்தே “நீர் கோத்துக்கொள்ளும்” என்ற சொல் வந்திருக்கிறது. நம் வீடுகளில் ஒத்தடம் என்றாலே தவிட்டு ஒத்தடமும் உப்பு ஒத்தடமும் வெந்நீர் ஒத்தடமும்தான். குளிரை மருந்தாக எண்ணிப் பழகாதவர்களுக்கு, அறுவை செய்த மூக்கின் மேல் ஐஸ் வைப்பது அச்சமூட்டத்தான் செய்யும். ஆனால் தோலின் மேல் பத்து நிமிடம் வைக்கும் குளிர் சைனஸுக்குள் நீரையோ கிருமியையோ சேர்ப்பதில்லை. முதல் வாரம் வடிவது சளியும் பழைய இரத்தமும் கழுவிய உப்புநீரும்தான். அவரிடம் நீங்கள் பக்குவமாகச் சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது. ஐஸைத் தடுத்த அன்பு அடுத்து நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொல்லும். முதல் இரண்டு வாரம் அது வேண்டவே வேண்டாம். சூடான ஆவி புதுப்புண்ணின் குழாய்களை விரித்து இரத்தக் கசிவைத் தூண்டக்கூடும். போர்வைக்குள் கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்துபோன நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். சுடச்சுடக் காபியும் ரசமும்கூட முதல் சில நாள் ஆறவைத்தே கொடுங்கள்.

இதத்துக்காக ஐஸ் வைப்பதென்றால் முறையோடு வைக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், மூக்கின் வடிவத்தைச் சரிசெய்துகொண்ட ஓர் இளம்பெண் மூன்றாம் நாள் வந்தார். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஜெல் பேக்கைத் துணி சுற்றாமல் மூக்கின் மேல் வைத்தபடியே தூங்கிவிட்டிருக்கிறார். பிளாஸ்டருக்குக் கீழே, மூக்கு நுனியில், ஒரு சுண்டல் அளவு கொப்புளம், சுற்றிலும் வெளிறிய வளையம். “வலிக்கவில்லையா?” என்று கேட்டேன். “மரத்துப்போயிருந்ததால் தெரியவில்லை, டாக்டர்” என்றார். தோலைப் பிரித்த இடத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும், இரத்த ஓட்டமும் குறைந்திருக்கும். கெடுதல் நடப்பது தெரியாமலே நடந்துவிடும். அவருக்கு ஆறிவிட்டது, ஆனால் பல வாரம் ஆனது. ஆகவே ஈரமில்லாத மெல்லிய துணியில் சுற்றி, நெற்றியிலும் கன்னத்திலும் கண்ணுக்குப் பக்கத்திலும் வைக்கலாம். மூக்கின் மேல் பாரம் விழக் கூடாது, பிளாஸ்டர் நனையக் கூடாது. பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து, பிறகு குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி, விழித்திருக்கும்போது மட்டும், முதல் இரண்டு நாள். உறைந்த பட்டாணிப் பொட்டலம் முகத்தின் வளைவுக்குப் படிவதால் கட்டி ஐஸைவிட வசதி. குளிர் பட்டால் தோல் தடிப்பவர்கள், விரல்கள் வெளுத்து நீலம்பாரிப்பவர்கள், சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்கள் தவிர்ப்பது நல்லது. முகத்தில் கடுங்குளிர் பட்டால் இதயத் துடிப்பு குறையும் ஓர் அனிச்சைச் செயலும் உண்டு. நாடித் துடிப்பு ஏற்கெனவே மெதுவாக இருக்கும் முதியவர்களுக்கு இதை நினைவில் வைக்கச் சொல்வேன்.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இனிமேல் வருவதுதான். கொழுந்தனாருக்கு இமை வீங்கியது எதிர்பார்த்த விளைவு. எண்டோஸ்கோப் சைனஸ் அறுவை செய்தவருக்குக் கண் வீங்கினால், கன்றினால், அது எச்சரிக்கை. சைனஸுக்கும் கண்குழிக்கும் இடையில் இருக்கும் எலும்பு காகிதம் போல் மெல்லியது. அதில் விரிசல் இருந்தால் இரத்தமோ காற்றோ கண்ணைச் சுற்றிச் சேரலாம். மூக்கைப் பலமாகச் சிந்தியவுடன் இமை உப்பி, தொட்டால் நறநறவென்று உணரப்படுவது அப்படிச் சேர்ந்த காற்று. அந்த வீக்கத்தின் மேல் ஐஸ் வைத்துக்கொண்டு காலைவரை காத்திருக்கக் கூடாது. பார்வை மங்கினாலோ, இரண்டாகத் தெரிந்தாலோ, கண் முன்னால் தள்ளி இறுகி வலித்தாலோ மணிக்கணக்கில் அல்ல, நிமிடக்கணக்கில் முடிவெடுக்க வேண்டும். குனியும்போது ஒரு துளையிலிருந்து மட்டும் தண்ணீர் போல் தெளிவாகச் சொட்டுவது, கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, அதிகக் காய்ச்சல் ஆகியவையும் உடனே காட்ட வேண்டியவை. உங்கள் கணவருக்குத் தண்டு அறுவையும் சேர்ந்து நடந்திருப்பதால் இன்னொன்று: அடைப்போடு வலியும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் நடுச்சுவரில் இரத்தம் கட்டியிருக்கலாம். அதை வடித்துவிட வேண்டும். விட்டுவிட்டால் குருத்தெலும்பு அழிந்து மூக்கே அமுங்கிவிடும். அவரை நேரில் பார்க்காத நான் அது இல்லை என்று இங்கிருந்து உறுதி கொடுக்க முடியாது. வலி குறைந்துகொண்டே வந்து அடைப்பு மட்டும் இருந்தால் ஏழாம் நாள் வரை பொறுக்கலாம். வலி கூடினால் இன்றே தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள்.

இரத்தம் வடிந்தால் பிடரியில் ஐஸ் வைக்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. கழுத்தில் ஐஸ் வைத்து மூக்குச் சவ்வின் இரத்த ஓட்டத்தை அளந்தபோது குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. வாயில் ஐஸ் துண்டைச் சப்பியபோதுதான் சற்றுக் குறைந்தது. உட்காரவைத்து, முன்னால் சாயச் செய்து, வாய்க்குள் வருவதை விழுங்காமல் துப்பச் சொல்லுங்கள். ஐஸ் துண்டைச் சப்பக் கொடுக்கலாம். கைக்குட்டையில் படியும் இளஞ்சிவப்பு இயல்பு. சொட்டுச் சொட்டாக நிற்காமல் விழுந்தால், தொண்டையில் விடாமல் இறங்கினால் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். வலி மாத்திரையை நீங்களாக மாற்ற வேண்டாம், குறிப்பாகச் சதை வளர்ச்சியோடு ஆஸ்துமாவும் இருந்தால். அவர்களில் சிலருக்கு ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் மூச்சிரைப்பைக் கிளப்பிவிடும்.

ஃப்ரீசரில் வாங்கி வைத்திருக்கும் ஜெல் பேக்கை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். நான்காம் நாளுக்குப் பிறகு வீக்கத்துக்காக அது தேவையில்லை. இரவில் நெற்றி கனக்கிறது என்று அவர் சொன்னால், ஒரு கைத்துண்டில் சுற்றிப் பத்து நிமிடம் நெற்றியில் வைத்து எடுத்துவிடுங்கள்.